சுழி சொல்லும் சாட்சி: வட்டத் தளவிளைவும் அதை வாசிப்பதன் எல்லைகளும்

1. கேள்வி

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. இடையில் பழவேற்காடு ஏரி. ஏவுகலம் எழும் நாள்களில் எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்து மக்கள் அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குள் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வருகிறது. நமக்கு இவ்வளவு அருகிலிருந்து புறப்பட்ட மூன்று முயற்சிகளை இக்கட்டுரை ஒன்றாக வைத்துப் பார்க்கிறது: 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1, 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்ட ரிசாட்-1, 2013 ஜூலை 1 அன்று முதல் செயற்கைக்கோளுடன் தொடங்கிய நாவிக் வழிகாட்டி அமைப்பு. ஒன்று நிலவில் பனிக்கட்டியைத் தேடியது. ஒன்று மேகத்தை ஊடுருவி வயலையும் வெள்ளத்தையும் பார்த்தது. ஒன்று நாம் நிற்கும் இடத்தைச் சொல்வதற்காக அமைக்கப்பட்டது. பணிகள் வேறு வேறு. மூன்றும் சார்ந்திருக்கும் இயற்பியல் பண்பு ஒன்றே: மின்காந்த அலையின் வட்டத் தளவிளைவு.

அலையை வட்டமாகச் சுழலவிடுவதால் நமக்கு என்ன கிடைக்கிறது? பாடநூல்கள் தரும் விடை, அனுப்பும் ஆண்டெனாவையும் வாங்கும் ஆண்டெனாவையும் ஒரே வாட்டத்தில் திருப்பி நிறுத்தும் வேலை மிச்சம் என்பது. இது சரியான விடை. ஆனால் பாதி விடை. சுழற்சி வலமா இடமா என்பது, அந்த அலை வழியில் எதன்மீதாவது பட்டுத் திரும்பியதா என்பதற்கான தடயத்தையும் சுமந்துவருகிறது. இந்த இரண்டாவது பண்பே ஆழமானது என்பது என் கருத்து. கூடவே ஒரு கேள்வி எழுகிறது: அந்தத் தடயத்தைச் சாட்சியமாக எந்த அளவுக்கு ஏற்கலாம்? நிலவில் நீர் இருக்கிறதா என்ற விவாதம் முதல், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு லாரியின் இருப்பிடத்தைக் கணிப்பது வரை இந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது.

2. சுழலும் அலை

மின்காந்த அலையில் மின்புலம், அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. அது ஒரே கோட்டில் இங்கும் அங்கும் ஆடினால் நேர்கோட்டுத் தளவிளைவு. ஒன்றுக்கொன்று செங்குத்தான, சம வீச்சுள்ள இரண்டு ஆட்டங்களைச் சேர்த்து, ஒன்றை மற்றதைவிடக் கால் சுற்று பின்தங்க வைத்தால், மின்புலத்தின் முனை வட்டமடித்துக்கொண்டே முன்னேறும். இதுவே வட்டத் தளவிளைவு. வீச்சு சமமாக இல்லாவிட்டாலோ, பின்தங்கல் சரியாகக் கால் சுற்றாக அமையாவிட்டாலோ வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். ஒளியில் இந்த மூன்று வகைகளையும் பிரித்தறிந்து விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல், காலம் 1820கள்.

வட்டம் இரு வகைப்படும்: வலஞ்சுழி, இடஞ்சுழி. வலக்கைக் கட்டைவிரலை அலை செல்லும் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கமாக மின்புலம் சுழன்றால் அது வலஞ்சுழி. வானொலிப் பொறியாளர்கள் பின்பற்றும் வழக்கம் இது. ஒளியியல் நூல்கள் பலவற்றில் பெயர்கள் இடம் மாறியிருக்கும். இங்கே பொறியாளர் வழக்கையே கொள்கிறேன்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் முதன்மை அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதாவது, மின்புலம் நொடிக்கு 157 கோடிக்கும் மேற்பட்ட தடவை சுழல்கிறது. ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் முன்னேறுவதற்குள் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும். இந்தச் சுழலைப் பிடிக்கும் கருவி மிக எளியது. லாரிகளில் பொருத்தும் இருப்பிடங்காட்டிப் பெட்டி ஒன்றைத் திறந்தால், பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் சதுரமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பீங்கான் வில்லை ஒன்று தெரியும். அதன் மேல்முகத்தில் வெள்ளிப் பூச்சு. இணைப்பு ஊசி நடுமையத்தில் இல்லாமல் சற்று விலகியிருக்கும்; சிலவற்றில் பூச்சின் எதிரெதிர் மூலைகள் இரண்டு வெட்டப்பட்டிருக்கும். இது அழகுக்காகச் செய்ததல்ல. வில்லையில் எழும் இரண்டு செங்குத்து அதிர்வுகளுக்கும் இடையே கால் சுற்றுப் பின்தங்கல் வருவதற்காகவே வடிவத்தில் இந்தச் சிறு கோணல் வைக்கப்படுகிறது. வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதை ஊசி விலகியிருக்கும் பக்கமும் மூலை வெட்டப்பட்ட பக்கமும் தீர்மானிக்கின்றன.

3. முதல் விடை: வாட்டக் கவலை நீங்குதல்

நேர்கோட்டுத் தளவிளைவுள்ள அலையை, அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய ஆண்டெனா வாங்கவே வாங்காது. வீட்டு மாடியில் டி.டி.எச். தட்டு மாட்ட வருபவர், அதன் முனையிலுள்ள எல்.என்.பி.யைப் பிடித்துச் சற்றே திருகி, சிக்னல் அளவு உச்சத்தைத் தொட்டதும் இறுக்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். இந்திய டி.டி.எச். ஒளிபரப்பு நேர்கோட்டுத் தளவிளைவில் வருவதால் இந்தத் திருகல் வேண்டியிருக்கிறது. தட்டு அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதால் ஒருமுறை திருகினால் போதும். ஓடும் லாரிக்கும் அலையில் ஆடும் படகுக்கும் இது நடவாது. வட்டமாகச் சுழலும் அலைக்கு விருப்பமான வாட்டம் எதுவும் இல்லை. ஆகவே அலை வரும் திசையை அச்சாகக் கொண்டு வாங்கும் கருவி எப்படித் திரும்பினாலும் வரவு மாறாது.

கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடிகளில் பயன்படும் ஃபாஸ்டேக், 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு. கிடங்குகளில் பொருள்களின்மேல் ஒட்டப்படும் சில்லுகளும் இந்த வகைதான். சில்லு எந்த வாட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத இடங்களில், படிக்கும் கருவிக்கு வட்டத் தளவிளைவு ஆண்டெனாவைத் தேர்வது வழக்கம். இதற்கு ஒரு விலை உண்டு. வட்டத்தில் வரும் ஆற்றலில் பாதியை மட்டுமே நேர்கோட்டு ஆண்டெனா கொண்ட சில்லு எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியைக் கைவிட்டுத்தான் வாட்டக் கவலையிலிருந்து விடுதலை கிடைக்கிறது.

வட்டத்திற்கு ஆதரவாக இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. அயனி மண்டலத்திலுள்ள எலெக்ட்ரான்களும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்து, நேர்கோட்டு அலையின் தளத்தையே திருகிவிடும். இது ஃபாரடே சுழற்சி. காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே செல்வதால், அயனி மண்டலத்தின் மாற்றங்கள் தென்னிந்தியாவுக்கு நெருங்கிய சங்கதி. தூய வட்டச் சுழல் இந்த மண்டலத்தைக் கடந்த பின்னும் அதே சுழலாகவே வெளிவரும். வாதம் சரிதான். ஆனால் ஃபாரடே சுழற்சி, அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நாவிக் பயன்படுத்தும் 1176.45 மெகாஹெர்ட்ஸில் அது பொருட்படுத்த வேண்டிய அளவில் இருக்கலாம். அதே நாவிக்கின் மற்றொரு வரிசையான 2492.028 மெகாஹெர்ட்ஸில் அதன் கால் பங்கைவிடவும் குறைந்துவிடும். இருந்தும் அங்கேயும் அலை வட்டமாகவே அனுப்பப்படுகிறது. ஆகவே அயனி மண்டலத்தை மட்டும் முழுக் காரணமாகச் சொல்ல இயலாது.

வாட்டக் கவலையை நீக்க வேறு வழியும் உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நேர்கோட்டு ஆண்டெனாக்களை வைத்து, இரண்டின் வரவையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் வட்டத்திற்கே உரிய தனிப் பண்பு எது?

4. இரண்டாம் விடை: பட்டால் மாறும் சுழி

ஒரு தகட்டின்மேல் நேராகப் பட்டுத் திரும்பும் வலஞ்சுழி அலையை எண்ணிப் பாருங்கள். தகட்டருகே மின்புலம் சுழலும் போக்கு, வெளியில் நிற்பவர் பார்வையில் மாறுவதில்லை. அலை செல்லும் திசை மட்டும் தலைகீழாகிறது. சுழியின் பெயரோ செல்லும் திசையைப் பொறுத்தது. எனவே வலஞ்சுழியாகப் போனது இடஞ்சுழியாகத் திரும்புகிறது. இன்னொரு தகட்டில் மீண்டும் பட்டால் மறுபடி வலஞ்சுழி. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பட்டால் சுழி மாறும். இரட்டைப்படையில் பட்டால் பழையபடி இருக்கும்.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். முப்பரிமாணத் திரைப்படங்களுக்குத் தரப்படும் கண்ணாடிகளில் வட்டத் தளவிளைவு வகையும் உண்டு. அதை அணிந்து நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வில்லை பிம்பத்தில் கறுத்துப்போயிருக்கும். மூடிய கண்ணின் வில்லை தெளிவாகத் தெரியும். திறந்த கண்ணிலிருந்து வில்லை வழியே சென்ற ஒளி ஒரு சுழியில் போய் மறு சுழியில் திரும்புவதால், அதே வில்லை அதைத் தடுத்துவிடுகிறது. இனி, இரண்டு நிலைக்கண்ணாடிகளைச் செங்கோணத்தில் சேர்த்து வைத்து அந்த மூலையை நோக்குங்கள். திறந்த கண்ணின் வில்லை இப்போது பெருமளவு தெளிவாகும். ஒளி இரண்டு தடவை பட்டுத் தன் பழைய சுழியை மீட்டுக்கொண்டது. பல கோடி ரூபாய் ராடார்களில் நடப்பதும் அடிப்படையில் இதுதான்.

இருப்பிடக் கணிப்பில் இந்தப் பண்பு காவலாக நிற்கிறது. செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் அலை வலஞ்சுழி. கூரைத் தகட்டில் பட்டு வருவது இடஞ்சுழி. பட்டு வருவது கூடுதல் தொலைவு கடந்திருக்கும். 10 மீட்டர் சுற்றி வந்தால் 33 நானோநொடி தாமதம். கருவி அந்தத் தாமதத்தையும் தொலைவாகவே கணக்கிட்டு இடத்தைத் தவறாகச் சொல்லும். வலஞ்சுழியை மட்டும் ஏற்கும் ஆண்டெனா இந்தப் போலி வரவைக் கணிசமாக விலக்கிவிடுகிறது. வானத்தின் கீழ்ப்புறம் முழுவதும் இரும்பு ஷெட்டும் பழைய இரும்புக் குவியலும் பில்லட் அடுக்கும் சூழ்ந்த கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் வளாகங்களில் இந்தக் காவல் அன்றாடத் தேவை.

ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது மற்றொருவருக்குச் செய்தி. 2016 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய எட்டுச் சிறு செயற்கைக்கோள்கள் கொண்ட சிக்னஸ் தொகுதி, கீழ்நோக்கிய இடஞ்சுழி ஆண்டெனாக்கள் மூலம், கடலில் பட்டு மேலெழும் ஜி.பி.எஸ். அலைகளையே தேடிப் பிடிக்கிறது. அவற்றின் வலிமையிலிருந்து கடற்பரப்பின் கொந்தளிப்பும், அதிலிருந்து புயற்காற்றின் வேகமும் கணிக்கப்படுகின்றன. தரையிலுள்ள கருவி ஒதுக்கித் தள்ளும் சுழிதான் இங்கே மூலப்பொருள்.

5. காவலில் உள்ள ஓட்டைகள்

பட்டால் சுழி மாறும் என்ற விதி முழுமையானதல்ல. மூன்று இடங்களில் அது வழுவுகிறது.

முதலாவது, பொருளும் கோணமும். உலோகத்தில் விதி ஏறக்குறைய எல்லாக் கோணங்களிலும் செல்லும். மண், நீர், கான்கிரீட் போன்றவற்றில் புரூஸ்டர் கோணம் எனப்படும் ஓர் எல்லைக் கோணம் குறுக்கிடுகிறது. மின்காப்பு மாறிலி 4 கொண்ட உலர்ந்த மண்ணுக்கு அது செங்குத்திலிருந்து 63.4 பாகை, அதாவது, தரையிலிருந்து 26.6 பாகை உயரத்தில் வரும் அலை. அதைவிடத் தாழ்ந்து வரும் அலை பட்டுத் திரும்பும்போது பெரும்பகுதி பழைய சுழியிலேயே இருக்கும். நீருக்கு அந்த எல்லை அடிவானத்தை இன்னும் நெருங்கியிருக்கும். இதற்கு நடைமுறைச் சான்று உண்டு. நில அளவைக்கு நிறுவிய சாதாரண வலஞ்சுழி ஆண்டெனாக்களைக் கொண்டே, தாழ்ந்த செயற்கைக்கோள்களின் எதிரொளிப்பைப் பயன்படுத்திக் கடல்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் அளக்கிறார்கள். தாழ்ந்த கோணத்தில் சுழி பெருமளவு மாறாமல் இருப்பது இதற்குத் துணைசெய்கிறது.

இரண்டாவது, இரட்டை மோதல். கூரைத் தகட்டில் பட்டு, சுவர்த் தகட்டிலும் பட்டு வரும் அலை மறுபடி வலஞ்சுழி. ஆண்டெனா அதை நேர்வரவு என்றே ஏற்கும்.

மூன்றாவது, கருவியின் தூய்மை. சரியான வட்டத்தை எந்த ஆண்டெனாவும் தருவதில்லை. நீள்வட்டத்தின் நெட்டச்சு குற்றச்சைப் போல 1.41 மடங்கு இருந்தாலே ஏறத்தாழ 3 சதவீத ஆற்றல் எதிர்ச்சுழியில் சேர்ந்துவிடும். பீங்கான் வில்லை தலைக்கு நேர்மேலே ஓரளவு நல்ல வட்டத்தைத் தந்தாலும் அடிவானத்தை நெருங்க நெருங்க வட்டம் நசுங்குகிறது. பட்டுவரும் அலைகளில் பலவும் அந்தப் பக்கமிருந்துதான் வருகின்றன. கைப்பேசிகளில் பலவற்றில் இந்தக் காவலே இல்லை. இடப்பற்றாக்குறையால் அவற்றின் ஆண்டெனா நேர்கோட்டு வகையாக அமைகிறது. வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டையும் அது சமமாக ஏற்கும். ஷெட்டுக்குள்ளும் அதையொட்டியும் கைப்பேசி வரைபடத்தின் நீலப்புள்ளி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. நிலவின் வழக்கு

சுழியைச் சாட்சியாக வைத்து நடந்த மிகப் பெரிய விவாதம் நிலவின் துருவங்களைப் பற்றியது. சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் மினிசார் ராடார், 12.6 சென்டிமீட்டர் அலையை வட்டமாக அனுப்பி, திரும்பிய அலையைக் கிடைமட்ட, செங்குத்து ஆண்டெனாக்களால் வாங்கியது. அனுப்பிய அதே சுழியில் வந்த ஆற்றலை, எதிர்ச்சுழியில் வந்த ஆற்றலால் வகுத்தால் வருவது வட்டத் தளவிளைவு விகிதம். வழவழப்பான தரை ஒரே மோதலில் சுழியை மாற்றிவிடும். விகிதம் சுழியத்தை ஒட்டியிருக்கும். தூய பனிக்கட்டியோ ரேடியோ அலைக்கு ஏறக்குறைய ஒளிபுகும் பொருள். அலை உள்ளே நுழைந்து, வெடிப்புகளிலும் கலந்துள்ள துகள்களிலும் பலமுறை சிதறி வெளிவருகையில், ஒரே பாதையில் எதிரெதிராகச் சென்ற அலைகள் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்து, அனுப்பிய சுழியை மேலோங்கச் செய்கின்றன. விகிதம் 1ஐத் தாண்டும். வியாழனின் பனி நிலவுகளான யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ ஆகியவற்றில் இது முன்பே பதிவாகியிருந்தது.

2010இல் பால் ஸ்புடிஸ் தலைமையிலான குழு, நிலவின் வட துருவத்தருகே 40க்கும் மேற்பட்ட சிறு பள்ளங்களில், உட்புறம் மட்டும் விகிதம் உயர்ந்திருப்பதை அறிவித்தது. புதிதாக உண்டான பள்ளங்களில் பாறைச் சிதறல் உள்ளும் புறமும் பரவியிருக்கும். இங்கே விளிம்புக்கு வெளியே உயர்வு இல்லை. பள்ளங்களோ நிரந்தர நிழலில் உள்ளவை. எனவே பனி என்பது அவர்கள் வாதம். 60 கோடி டன் என்ற மதிப்பீடும் வெளிவந்தது. அது இந்திய விண்கலத்திற்குக் கிடைத்த பெருமையாகப் பரவலாகப் பேசப்பட்டது, அதில் பிழையில்லை.

எதிர்வாதங்கள் வலுவானவை. அரெசிபோ ராடாரைக் கொண்டு டொனால்ட் கேம்பல் குழு 2006இலேயே, உயர் விகிதம் வெயில் படும் சரிவுகளிலும் காணப்படுகிறது, பனி நிலைக்க முடியாத அங்கே பாறைக் குவியலே காரணம் என்று காட்டியிருந்தது. பாறையின் செங்குத்து முகமும் தரையும் சேர்ந்து மூலையாகின்றன, இரட்டை மோதல் நிகழ்கிறது, சுழி மீள்கிறது. பூமியில் நீரற்ற எரிமலைக் குழம்புப் பாறைப் பரப்புகளிலும் விகிதம் 1ஐத் தாண்டியது அளக்கப்பட்டிருக்கிறது. உட்புறம் மட்டும் விகிதம் உயர்ந்த பள்ளங்கள் துருவத்திற்கு வெகுதொலைவிலும் உண்டு என்று 2013இல் ஃபா, காய் என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். செங்குத்தான உட்சரிவிலிருந்து பாறைகள் சரிந்துகொண்டே இருப்பதால், வெளியே தடயம் மங்கிய பிறகும் உள்ளே அது மிஞ்சுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

எல்லாவற்றையும்விடச் சிந்திக்க வைப்பது கேபியஸ் பள்ளம். 2009 அக்டோபர் 9 அன்று நாசா அங்கே ஏவுகலத்தின் மேலடுக்கு ஒன்றை மோதவிட்டு, எழுந்த புழுதியை ஆராய்ந்தது. எடையில் சுமார் 5.6 சதவீதம் நீர் இருந்ததாகக் கணக்கிட்டது. அதே பள்ளத்தில் ராடார் விகிதம் உயர்ந்திருக்கவில்லை. மண்ணோடு கலந்த சிறு துகளாகப் பனி இருந்தால் சுழி அதைக் காட்டாது. ஆக, உயர் விகிதம் இருந்தும் பனி இல்லாமல் இருக்கலாம். உயர் விகிதம் இல்லாமலும் பனி இருக்கலாம்.

பனியையும் பாறையையும் பிரிக்க ஒரு வழி உண்டு. அனுப்பும் கலமும் வாங்கும் கலமும் வெவ்வேறாக இருந்தால், இடைக்கோணம் கூடும்போது பனியின் உயர்வு விரைவாகச் சரியும். பாறையின் உயர்வு அப்படிச் சரியாது. 2009 ஆகஸ்ட் 20 அன்று சந்திரயான்-1உம் நாசாவின் நிலவுச் சுற்றுக்கலமும் சேர்ந்து இந்தச் சோதனைக்கு முயன்றன. எதிர்பார்த்த தரவு கிட்டவில்லை. அந்த மாத இறுதியில் சந்திரயான்-1உடன் தொடர்பு அறுந்தது.

இதற்கு எதிர்ப்புற எடுத்துக்காட்டாகப் புதன் கோள் இருக்கிறது. 1991இல் அதன் துருவங்களில் ராடார் இதே அடையாளத்தைக் கண்டது. 2012இல் மெசஞ்சர் விண்கலத்தின் நியூட்ரான் அளவீடு, லேசர் எதிரொளிப்பு, வெப்பநிலைக் கணிப்பு ஆகிய மூன்றும் அதோடு ஒத்துப்போயின. அங்கே சுழி சொன்னது மெய்யானது. அது மெய் என்று நிலைநாட்டப்பட்டதோ, சுழியோடு தொடர்பில்லாத வேறு சான்றுகள் வந்து சேர்ந்தபோதுதான். நிலவிலும் அப்படியே. சந்திரயான்-1இல் இருந்த மற்றொரு கருவியின் அகச்சிவப்புத் தரவிலிருந்து, துருவ நிழல்களில் மேற்பரப்புப் பனி இருப்பது 2018இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. நீர்ச் செய்தியை ஒரே விண்கலத்தின் இரண்டு கருவிகள் இரண்டு மொழிகளில் சொல்லின. நாம் முதலில் நம்பியது ஒன்றை. உறுதியாக நின்றது மற்றது.

7. வயலும் சுவரும்

ரிசாட்-1, மினிசார் கையாண்ட இதே கலப்பு முறையைப் புவி நோக்கலுக்குக் கொண்டுவந்த முன்னோடி: வட்டமாக அனுப்பி, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வாங்குவது. 5.35 கிகாஹெர்ட்ஸ் ராடாருடன் 1858 கிலோ எடையில் அது சென்றது. இரண்டு நேர்கோட்டுத் தளங்களிலும் மாறி மாறி அனுப்பும் முழு முறையில் தகவல் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஒரே வீச்சில் காணும் பரப்பு ஏறத்தாழப் பாதியாகும். கலப்பு முறை பரப்பையும் காத்து, தகவலில் பெரும்பகுதியையும் தருகிறது. 2022 பிப்ரவரி 14 அன்று ஏவிய இ.ஓ.எஸ்.-04 இந்த வரிசையைத் தொடர்கிறது. 2025 ஜூலை 30 அன்று சென்ற நிசார் விண்கலத்தின் இஸ்ரோ ராடாரிலும் இந்த வசதி உண்டு.

வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இது பெரும் வாய்ப்பு. ஒளிப்படம் பிடிக்கும் செயற்கைக்கோள் அப்போது வெண்மையை மட்டுமே காணும். ராடார் தரையைக் காணும். பொன்னேரிப் பக்கத்து நெல் வயலில் நீர் நின்று, அதற்குமேல் தாள்கள் நிமிர்ந்திருக்கும்போது, அலை நீரில் பட்டு, தாளில் பட்டுத் திரும்பும். இரட்டை மோதல், சுழி மீளும். திறந்த நீர்ப்பரப்போ அலையை அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக இருக்கும். அங்கிருந்து வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தார்த்தரையும் ஷெட்டின் சுவரும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. அங்கேயும் இரட்டை மோதல். அங்கேயும் சுழி மீளும். நீர் நிற்கும் நெல்லும் தொழிற்சாலைச் சுவரும் சுழிக் கணக்கில் ஒரே விடையைத் தரக்கூடும்.

பிரித்தறிவது எப்படி? காலம் ஒரு வழி. நாற்று நட்டதிலிருந்து அறுவடை வரை நெல்லின் கையெழுத்து மாறிக்கொண்டே போகும். சுவரின் கையெழுத்து ஆண்டு முழுவதும் அப்படியே நிற்கும். இன்னொரு வழி, சுழியோடு நில்லாமல் அலையின் முழு நிலையையும் அளப்பது. ஸ்டோக்ஸ் 1852இல் தந்த நான்கு எண்கள் எந்தத் தளவிளைவு நிலையையும் விவரிக்கப் போதுமானவை. அலையில் எவ்வளவு பகுதி ஒழுங்காகச் சுழல்கிறது, எவ்வளவு ஒழுங்கற்றுக் கலங்கியிருக்கிறது என்பதும் அவற்றிலிருந்து தெரியும். சுவரின் ஒரே இரட்டை மோதல் ஒழுங்கைப் பெருமளவு காக்கும்; அடர்ந்த இலைக் கூட்டத்தின் பல சிதறல்கள் அதைக் கலைக்கும். பனிக்கும் பாறைக்கும் இடையிலான வழக்கிலும் இந்த அளவீட்டைச் சேர்த்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. 2019இல் ஏவிய சந்திரயான்-2, இரண்டு அலைவரிசைகளில் முழுத் தளவிளைவு அளக்கும் ராடாரைச் சுமந்து சென்றதன் அடிப்படைப் பயனும் இதுவே.

இந்தச் சிந்தனை மரபில் நமக்குச் சொந்தமான ஒரு பெயரை மறக்கலாகாது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். பஞ்சரத்தினம் (1934–1969), ஒளியின் பல நிறங்களுக்கும் ஏற்றபடி இயங்கும் மேம்பட்ட வட்டத் தளவிளைவாக்கியை 1955இல் வடிவமைத்தார். அடுத்த ஆண்டு, தளவிளைவு நிலைகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் பொன்கரே கோளத்தின்மேல் ஓர் அலையை ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்தால், அது புறப்பட்ட நிலைக்கே திரும்பினாலும் கூடுதலாக ஒரு கட்ட வேறுபாட்டைச் சுமந்திருக்கும் என்று காட்டினார். மைக்கேல் பெர்ரி 1984இல் குவாண்டம் இயற்பியலில் கண்ட கருத்தின் முன்னோடி அது என்பதைப் பின்னர் பெர்ரியே எடுத்துரைத்தார். அந்தக் கோளத்தில் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் இரண்டு துருவங்கள் மட்டுமே. இரு துருவங்களை மட்டும் பார்த்து உலகப்படம் வரைய முடியாது; வலம், இடம் என்ற இரண்டை மட்டும் கேட்டு ஓர் அலையின் வரலாற்றை எழுதவும் முடியாது.

8. முடிவு

வட்டத் தளவிளைவின் பயன் வாட்டக் கவலை நீங்குவதோடு முடிவதில்லை. பட்டு வந்ததா, நேராக வந்ததா என்பதைத் தன் உடம்பிலேயே எழுதிவரும் அலை அது. ஆனால் அந்த எழுத்து ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை மட்டுமே சொல்கிறது. எதில் பட்டது என்று சொல்வதில்லை. எனவே சுழியைச் சான்றாகக் கொள்வோர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: கருவியின் வட்டம் எவ்வளவு தூயது, பட்ட பொருளும் கோணமும் சுழியை மாற்றக்கூடியவையா, சுழியைச் சாராத வேறொரு சான்று அதே முடிவைத் தருகிறதா. மூன்றாவது இல்லாதவரை எந்த முடிவும் கருதுகோள் நிலையிலேயே நிற்க வேண்டும். நிலவு விவாதம் நமக்குத் தந்த பாடம் இது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளவிளைவைத் தேர்வுக்கான இரண்டு மதிப்பெண் வரையறையாக விட்டுவிடாதீர்கள். ஒரு முப்பரிமாணக் கண்ணாடி, இரண்டு நிலைக்கண்ணாடிகள், பழைய இருப்பிடங்காட்டிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு பீங்கான் வில்லை: ஒரு வகுப்பு நேரத்திற்கு இவை போதும். நம் மாணவர்களில் பலர் நாளை அதே இரும்பு ஷெட்டுகளில் கருவிகளைப் பொருத்தப் போகிறவர்கள். சிலர் ஏரிக்கு அப்பால் உள்ள ஏவுதளத்திற்கும் போகக்கூடும். கருவி காட்டும் எண்ணை ஏற்கும் முன் அது எந்த வழியாக வந்தது என்று கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு இப்போதே கற்றுத் தாருங்கள்.